தங்கை கேட்கும் நியூ மெட்டல் மெட்டல்தானா?

பதினைந்து ஆண்டுகளாக அயர்ன் மெய்டன், ஸ்லேயர் போன்ற ஹெவி மெட்டல் குழுக்களைக் கேட்டு வருபவர் நீங்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் தங்கை கார்ன், ஸ்லிப்நாட், லிங்கின் பார்க் என்று நியூ மெட்டல் குழுக்களையே ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, இவற்றையெல்லாம் மெட்டல் என்று ஒப்புக்கொள்ள முடியுமா, நியூ மெட்டலையும் கிளாம் மெட்டலையும் ரசிப்பவர்களைப் ‘போசர்’ (போலி ரசிகர்) என்று மற்ற ரசிகர்கள் ஒதுக்குவதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் நியாயம் இல்லை என்பதே என் பதில். ஹெவி மெட்டலுக்குள் இகழப்படும் கிளைகளை எடுத்துப் பார்த்தால், பாட்டைக் கேட்பதற்கு முன்பே, அதைக் கேட்பவர் யார் என்று பார்த்தவுடனேயே அந்த இகழ்ச்சி தொடங்கிவிடுவது தெரியும். இசையின் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை, ஒரு கிளை செய்ய முயன்றதை விட்டுவிட்டு, வேறொரு கிளையின் அளவுகோலை அதன் மீது வைத்ததால் பிறந்தவை. தவிலை எடுத்து வைத்துக்கொண்டு அதில் வீணையின் கமகம் எங்கே என்று தேடுவதைப் போன்றது அது.

மெட்டலோடு ஹிப்-ஹாப்பையும் ராப்பையும் கலந்த நியூ மெட்டலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் மீதுதான் மிக அதிகமாகச் சேறு வாரி இறைக்கப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிணறுகளும் வயல்களும் சூழ்ந்த ஊர். மெர்ல் ஹேகர்ட் போன்ற கன்ட்ரி இசைக் கலைஞர்களால் பெயர்பெற்றது. அங்கிருந்து வந்த ஐந்து இளைஞர்கள் ராஸ் ராபின்சனைத் தயாரிப்பாளராகக் கொண்டு 1994 அக்டோபரில் வெளியிட்ட கார்ன் குழுவின் முதல் ஆல்பத்தில் கிட்டார் சோலோக்களுக்கு இடமே இல்லை. ‘இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது’ என்ற குற்றச்சாட்டு அங்கிருந்துதான் புறப்பட்டது. அவர்கள் வாசித்தது என்ன என்பதைக் கவனித்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ஸ்டீவ் வாய் என்ற கிட்டார் கலைஞருக்காக 1990-இல் ஐபனேஸ் நிறுவனம் கொண்டுவந்த ஏழு தந்தி கிட்டார், வேகமாக வாசிக்கும் மேதைகளுக்கான கருவியாகவே அதுவரை கருதப்பட்டது. கார்னின் இரு கிட்டார் கலைஞர்களும், ஜேம்ஸ் ஷாஃபரும் பிரையன் வெல்ச்சும், அதை எடுத்து எல்லாத் தந்திகளையும் மேலும் ஒரு படி தளர்த்தினார்கள். சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியைவிட ஏறக்குறைய ஒரு ச–ப இடைவெளி கீழே போய்விட்ட அந்த ஒலியில், ஒருவர் கனமான அடியை வாசிக்க, மற்றவர் அதன் மேல் காதுக்கு ஒவ்வாத, கதவு கிறீச்சிடுவதைப் போன்ற உயர்ந்த ஒலிகளை எழுப்பினார். ஹிப்-ஹாப் இசைத்தட்டுகளில் வெட்டி ஒட்டிய துணுக்குகளாகக் கேட்ட விநோத ஒலிகளைக் கருவியின் தந்திகளிலேயே உண்டாக்க முயன்றதன் விளைவு அது.

பேஸ் வாசித்தவர் தம் கருவியின் நடுச் சுருதிகளைக் குறைத்துவிட்டு, தளர்ந்த தந்தி பலகையில் மோதிச் சொடுக்கும் ஓசையை முன்னால் கொண்டுவந்தார். அதனால் பேஸ் கிட்டார் பாதி தாளக் கருவியாகிவிட்டது. இப்படி எல்லாக் கருவிகளும் தாளத்தையும் நிறத்தையும் நோக்கித் திரும்பிய ஒரு இசையில், மெய்டனின் இரட்டை கிட்டார் இசைவு போன்ற ஒன்று எங்கே என்று தேடுபவர் ஏமாறத்தான் செய்வார். வேகத்தாலும் கைத்திறனாலும் மட்டுமே மெட்டலை அளப்பவர்களுக்கும் இந்தக் கிளையிலேயே விடை இருக்கிறது. அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரிலிருந்து வந்த ஸ்லிப்நாட் குழுவின் 1999 ஆல்பத்தில் ஜோயி ஜோர்டிசன் வாசித்த டிரம்ஸை, வேகத்துக்குப் பெயர்போன த்ராஷ் மெட்டலில் உங்களுக்குப் பிடித்த எந்த ஆல்பத்தோடும் தயங்காமல் ஒப்பிடலாம்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தந்தியைத் தளர்த்துவது மெட்டலுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமும் இல்லை. பர்மிங்ஹாமில் தொழிற்சாலை விபத்தொன்றில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, தந்திகள் விரலுக்கு இசைய வேண்டும் என்று அவற்றைத் தளர்த்தி, 1971-இல் பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் சுருதியை ஒன்றரைப் படி இறக்கினார். அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தையே 1970-இல் ராக் விமர்சகர்கள் பலர் முரட்டுத்தனமானது, சோர்வூட்டுவது என்று ஒதுக்கித் தள்ளினார்கள் என்பதை இன்றைய ரசிகர்களில் பலர் மறந்துவிட்டார்கள். அயோமி இறங்கிய படிகளில் இன்னும் சில படிகள் இறங்கியவர்கள்தான் பேக்கர்ஸ்ஃபீல்டு இளைஞர்கள். ராப்பைச் சேர்த்ததுதான் துரோகம் என்றால், த்ராஷ் மெட்டலின் தூண்களுள் ஒன்றான ஆந்த்ராக்ஸ் 1991-இலேயே பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவோடு சேர்ந்து பாடியிருக்கிறது. அதைக் கேட்டு அவர்களை எவரும் மெட்டலிலிருந்து தள்ளி வைக்கவில்லை.

ஆனாலும் நியூ மெட்டல் தள்ளி வைக்கப்பட்டது. உலகின் மெட்டல் குழுக்களைப் பட்டியலிடுவதற்கென்று 2002-இல் தொடங்கப்பட்ட என்சைக்ளோபீடியா மெட்டாலம் என்ற பெரிய தரவுத்தளத்தில், சில நூறு பிரதிகள் மட்டும் விற்ற சிற்றூர்க் குழுக்களுக்கும் இடம் இருக்கிறது. கார்னுக்கும் ஸ்லிப்நாட்டுக்கும் இல்லை. அந்தத் தளத்தை நடத்துபவர்களின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன், பல குழுக்களை அதன் வழியாகவே அறிந்துகொண்டேன். என்றாலும் இந்த ஒரு முடிவில் அவர்கள் தவறு செய்கிறார்கள் என்றே கருதுகிறேன். எல்லையை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்து வகுத்ததாகச் சொல்லப்படும் காரணம் ஓரளவு ஏற்கக்கூடியது. ஆனால் அந்த எல்லைக் கோடு ரசிகர்களின் கையில் வந்து சேரும்போது, ‘உன் குழு பட்டியலில் இல்லை, ஆகவே நீ எங்களில் ஒருவன் இல்லை’ என்ற வேலியாகிவிடுகிறது.

இந்த இசையின் உள்ளடக்கத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதுதான் முக்கியம். மெட்டல் அதுவரை போர், சாத்தான், மரணம், அணு ஆயுதம், புராணம் என்று பெரிய பொருள்களைப் பாடியது. அவற்றை நானும் நேசிக்கிறேன். கார்னின் பாடகர் ஜொனாதன் டேவிஸ், ஊரில் பிணவறைப் பணியில் இருந்தவர், பள்ளியில் இழிபெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டு ஒதுக்கப்பட்டதைப் பாடினார். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், தாம் குழந்தையாக இருந்தபோது நேர்ந்த பாலியல் கொடுமையையும், சொன்னபோது நம்பப்படாததையும் பாடிக்கொண்டே வந்து, இடையில் உடைந்து அழத் தொடங்குகிறார். ராபின்சன் பதிவை நிறுத்தவில்லை. குழுவினர் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், அழுகை நீண்டுகொண்டே போகிறது. பிற்காலத்தில் மேடையில் அவர்கள் அதை மிக அரிதாகவே பாடினார்கள். ‘சிணுங்கல் இசை’ என்று நியூ மெட்டலைப் பழிப்பவர்கள் பழிப்பது இதையும் சேர்த்துத்தான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பல பையன்களுக்கு, மிகக் கனமான இசைக்கு நடுவில் ஒரு ஆண் அழுவது முதன்முதலாகக் காதில் விழுந்தது அப்போதுதான்.

லிங்கின் பார்க்கின் செஸ்டர் பென்னிங்டனும் சிறுவயதில் தமக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். 2000 அக்டோபரில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்று, அடுத்த ஆண்டு அங்கே மிக அதிகமாக விற்ற ஆல்பமானது. அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அந்த மென்மையைக் காரணமாகக் காட்டியே ‘சிறுவர்களுக்கான மெட்டல்’ என்று அது கேலி செய்யப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரி விடுதியில், ஒரே கணினியைப் பலர் சுற்றி உட்கார்ந்து அந்த ஆல்பத்தைக் கேட்போம். ஆங்கிலம் சரியாகப் பேச வராமல் வகுப்பில் வாயே திறக்காத ஒரு நண்பர், அதன் எல்லாப் பாட்டுகளையும் வரி பிசகாமல் பாடுவார். மூத்த மாணவர் ஒருவர் வந்து, இது மெட்டலே இல்லை, முதலில் ஸ்லேயர் கேட்டுவிட்டு வா என்று அவரிடம் சொன்னார். அதன் பிறகு நண்பர் ஹெட்ஃபோன் இல்லாமல் அதைக் கேட்டதே இல்லை. 2017 ஜூலையில் பென்னிங்டன் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்த இரவு, பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நண்பர் என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசவில்லை, ஆனால் நெடுநேரம் தொடர்பைத் துண்டிக்கவும் இல்லை. அந்தப் பாட்டுகளில் சொல்லப்பட்டிருந்தவை விளம்பரத்துக்கான வலி என்று எழுதியவர்கள் அன்றைக்காவது வெட்கப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது, இன்றும் அப்படியே தோன்றுகிறது.

இந்தக் கிளைக்காக வாதாடும்போது அதன் மோசமான பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. லிம்ப் பிஸ்கிட் என்ற நியூ மெட்டல் குழுவின் பாடல்களில் பெண்களைப் பற்றி வரும் வரிகள் பலவற்றை நான் காக்க முன்வர மாட்டேன். 1999 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில், பழைய விமானப்படைத் தளம் ஒன்றின் தார்த்தரையில் நடந்த வுட்ஸ்டாக் விழாவில், அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. அந்த விழாவில் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்ற புகார்களும் எழுந்தன. அவற்றை ‘இளைஞர்களின் ஆவேசம்’ என்று மழுப்பக் கூடாது. ஆனால் கொளுத்தும் வெயிலில் தண்ணீர் புட்டியை நான்கு டாலருக்கு விற்றவர்களையும், போதிய கழிப்பிட வசதியும் பாதுகாப்பும் செய்யாதவர்களையும் விட்டுவிட்டு, முழுப் பழியையும் ஒரு இசைக் கிளையின் மீது போடுவது நிகழ்ந்ததற்குப் பொருந்தாது. பெரும் தீ மூண்டது அடுத்த நாள் இரவு, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் வாசித்தபோது. அதற்காக ஃபங்க் ராக்கைக் கேட்பவர்களை எவரும் காலிகள் என்று சொன்னதில்லை.

மேலும் லிம்ப் பிஸ்கிட் என்ற ஒரு குழுவை வைத்து எல்லோரையும் எடைபோடுபவர்கள் கேட்காமல் விட்டவை ஏராளம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரிலிருந்து கிட்டி என்ற குழு வந்தது. உறுப்பினர் எல்லோரும் பதின்வயதுப் பெண்கள், அவர்கள் பாடியதில் பெரும்பகுதி தங்களை மட்டம் தட்டிய ஆண்களைப் பற்றியது. சிஸ்டம் ஆஃப் எ டவுன் இந்தக் கிளையின் ஓரத்தில் நிற்பது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அதே அலையில்தான் அது மேலே வந்தது. நான்கு உறுப்பினர்களும் ஆர்மீனிய வம்சாவளியினர். 1998-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே ஆர்மீனிய இனப்படுகொலையைப் பற்றிப் பாடினார்கள். அந்தப் படுகொலையின் நூறாவது ஆண்டான 2015-இன் ஏப்ரலில், யெரெவான் நகரின் குடியரசுச் சதுக்கத்தில் கட்டணமின்றி நிகழ்ச்சி நடத்தினார்கள். நம் நாட்டுப் புதுடெல்லியிலிருந்து வந்திருக்கும் பிளடிவுட், டோல் என்ற பஞ்சாபி மத்தளமும் பாங்ராத் தாளமும் சேர்த்து வாசிப்பது கார்னும் லிம்ப் பிஸ்கிட்டும் போட்ட பாதையில்தான். 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடையில் அவர்களுக்கு எழுந்த வரவேற்பைப் பார்த்தால், ‘செத்துப்போன கிளை’ என்ற பேச்சுக்குப் பொருள் இல்லை என்பது தெரியும்.

கிளாம் மெட்டலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் இதே கதைதான், காலம் மட்டும் பத்தாண்டு முந்தியது. லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்டிரிப் கிளப்புகளில் ஒப்பனையோடும் ஊதிவிட்ட தலைமுடியோடும் மேடை ஏறியவர்களை, சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியின் த்ராஷ் ரசிகர்கள் மனமார வெறுத்தார்கள். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பான் ஜோவியைக் கொல்லச் சொல்லும் வாசகத்தைத் தம் கிட்டாரிலேயே ஒட்டியிருந்தார். அதே மெட்டாலிகா 1991-இல் வெளிவந்த கறுப்பு அட்டை ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக அழைத்தது பாப் ராக் என்பவரை. 1989-இல் மாட்லி க்ரூ என்ற கிளாம் குழுவுக்கு அவர் உண்டாக்கிக் கொடுத்த ஒலி அவர்களுக்குப் பிடித்துப்போனதுதான் காரணம். 1983 நவம்பரில் அமெரிக்காவின் ஆல்பப் பட்டியலில் முதலிடத்தை எட்டிய முதல் ஹெவி மெட்டல் ஆல்பமும் சன்செட் ஸ்டிரிப் குழுவான கொயட் ரயட் வெளியிட்டதுதான். அந்தக் கதவு திறந்த பிறகுதான் நிறுவனங்கள் மற்ற மெட்டல் குழுக்களையும் திரும்பிப் பார்க்கத் தொடங்கின.

இன்னும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. 1985 செப்டம்பர் 19 அன்று பாட்டுகளின் வரிகளைக் குறித்து அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. ஜூடாஸ் பிரீஸ்ட், பிளாக் சபாத், வெனம், மெர்சிஃபுல் ஃபேட் எல்லோருடைய பாட்டுகளும் கண்டனப் பட்டியலில் இருந்தன. ஆனால் மெட்டல் உலகிலிருந்து அங்கே போய் அமர்ந்து பதில் சொன்னவர் ஒருவரே, ட்விஸ்டட் சிஸ்டரின் டீ ஸ்னைடர். உதட்டுச் சாயம் பூசி மேடை ஏறியதற்காகத் ‘தூய’ ரசிகர்களால் பழிக்கப்பட்டவர், அன்று மேல்சட்டைக்கு மேல் டெனிம் அணிந்து வந்து, எழுதி எடுத்து வந்த உரையை நிதானமாக வாசித்து, தம் பாட்டில் வன்கொடுமை இருப்பதாகச் சொல்லப்பட்ட வரிகள் அறுவைச் சிகிச்சையைப் பற்றிய அச்சத்திலிருந்து பிறந்தவை என்று விளக்கினார். கிளாம் மெட்டலின் நிகழ்ச்சிகளில் பெண்கள் பெருமளவில் கூடினார்கள் என்பதும், அந்த இசையின் மீதான ஏளனத்தில் ‘பெண்பிள்ளைகள் கேட்பது’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது என்பதும் தற்செயல் இல்லை. நியூ மெட்டலுக்குச் ‘சிறுவர்கள்’ என்ற சொல் எப்படியோ, கிளாமுக்கு அது அப்படி.

வீரக் கதைகளை உரத்த மெட்டுகளில் பாடும் பவர் மெட்டலை அதிகம் விவரிக்கத் தேவையில்லை, மெய்டன் கேட்பவருக்கு அது பக்கத்து வீடு. ஹாம்பர்கின் ஹெலோவீன் 1987-இல் காட்டிய வழியில் வந்த குழுக்களை ‘டிராகன் கதை’ என்று சிரித்து ஒதுக்குபவர்கள், பிளைண்டு கார்டியன் நிகழ்ச்சியொன்றின் பதிவில் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, ஆயிரக்கணக்கானோர் ஒரு பாணர் பாட்டை முழுதாகப் பாடி முடிப்பதைக் கேட்க வேண்டும்.

எதிர்முனையில் இருப்பது ஃபியூனரல் டூம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மூச்சை இழுத்து விட்டுவிடலாம்; அத்தனை மெதுவானது. ஃபின்லாந்தின் தெர்கோதானும் ஸ்கெப்டிசிசமும் 1990களின் நடுவில் வடிவம் கொடுத்த இந்தக் கிளையை, மெட்டல் ரசிகர்களிலேயே பெரும்பாலோர் பொறுமையைச் சோதிப்பது என்பார்கள். சியாட்டிலின் பெல் விட்ச் 2017-இல் வெளியிட்ட ஆல்பம் 83 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு. முன்பு அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பாடிய ஏட்ரியன் கெர்ரா 2016-இல் இறந்துபோனார். அவர் உயிரோடிருந்தபோது பதிவாகிப் பயன்படுத்தப்படாமல் கிடந்த குரலை, அந்த 83 நிமிடத்தின் நடுப்பகுதியில் நண்பர்கள் சேர்த்தார்கள். அந்தக் குரல் வருவதற்கு முன் கடக்க வேண்டிய நேரமெல்லாம் அதற்காகவே இருக்கிறது என்பது, அந்த இடத்தை அடைந்த பிறகுதான் புரியும். சாவு வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நீளம் புதிதல்ல. துக்கத்தின் நேரக்கணக்கில் ஓடும் இசையை விரைவான இசையின் கடிகாரத்தால் அளந்துவிட்டு, அதை நேசிப்பவர்களை நடிப்பவர்கள் என்று சொல்வது கொடுமை.

எல்லாவற்றையும் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கிளைகள் எல்லாவற்றிலும் நகலெடுத்து எழுதப்பட்ட சலிப்பூட்டும் ஆல்பங்கள் உண்டு. 2001-க்குப் பிறகு நிறுவனங்கள் அவசர அவசரமாக ஒப்பந்தம் செய்த நியூ மெட்டல் குழுக்கள் பலவற்றை நானும் ஒருமுறைக்கு மேல் கேட்டதில்லை. ஆனால் த்ராஷிலும் டெத் மெட்டலிலும் அப்படிப்பட்டவை குறைவா என்ன? நமக்குப் பிடித்த கிளையை அதன் உச்சங்களாலும், பிடிக்காததை அதன் கழிவுகளாலும் எடைபோடுவதுதான் இங்கே நடந்துவருகிறது.

உங்களுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமென்றால், டெஃப்டோன்ஸ் குழு 2000-இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். கனத்தையும் மென்மையையும் ஒரே பாட்டுக்குள் வைக்க அவர்கள் கண்ட வழி, மெய்டன் கேட்டுப் பழகிய காதுக்கும் விளங்கும். அடுத்து ஸ்லிப்நாட்டின் முதல் ஆல்பத்தை டிரம்ஸுக்காக மட்டும் ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகு கார்னின் முதல் ஆல்பத்தை நல்ல ஹெட்ஃபோனில், இடது காதில் ஒரு கிட்டார், வலது காதில் மற்றொன்று என்று பிரிந்து ஒலிப்பதைக் கவனித்துக் கேளுங்கள். தங்கைக்கு எந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும் என்று கேட்டு, அதை அவரோடு உட்கார்ந்து கேட்பதும் நல்லது. ஏன் பிடிக்கும் என்று மட்டும் விசாரிக்க வேண்டாம், சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரே சொல்வார். கார்ன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை நடுவில் நிறுத்தாமல், தனியாக இருக்கும்போது கேளுங்கள்.